வான் தாக்குதல் பற்றி ஒரு வார இறுதி வகுப்பு: முதல் நாள் நிறைவு, இரண்டாம் நாள் பாதி

தில்லி பழைய ராஜிந்தர் நகரில் குடிமைப் பணித் தேர்வுக்குப் படிக்கும் தமிழ் மாணவர்களுக்கென்று ஒரு பயிற்சி மையம் நடத்திய இரண்டு நாள் வகுப்புக்கு 1,200 ரூபாய் கட்டிச் சென்றிருந்தேன். வான் தாக்குதலால் மட்டும் ஆயுதக் குழுக்களை வீழ்த்தி அமைதியை நிலைநாட்ட முடியுமா என்பது தலைப்பு. அறை இரண்டாம் மாடியில் இருந்தது. 2024 ஜூலையில் இப்பகுதிப் பயிற்சி மையம் ஒன்றின் நிலத்தடி அறையில் வெள்ளம் புகுந்து மாணவர்கள் இறந்த பிறகு இங்கே எவரும் முதலில் விசாரிப்பது அதைத்தான்.

முதல் நாள் கொடுத்த பணத்துக்குக் குறைவில்லை. ஆசிரியர் சிரியாவின் கொபானி நகரில் தொடங்கினார். அமெரிக்க விமானங்கள் குண்டு வீசின என்றாலும், தெருத்தெருவாக நின்று போரிட்டு, 2015 ஜனவரியில் ஐ.எஸ். (இஸ்லாமிய அரசு) அமைப்பை அந்நகரிலிருந்து விரட்டியவர்கள் குர்துப் போராளிகளே என்பதை வரைபடத்தோடு விளக்கினார். மோசுலை மீட்க, வான்படையின் துணை இருந்தும், ஈராக்கியத் தரைப்படைக்கு 2016 அக்டோபர் முதல் 2017 ஜூலை வரை ஆனது. மறுபுறம், 2015 மார்ச் முதல் சவூதி தலைமையிலான கூட்டணி ஆண்டுக்கணக்கில் குண்டு வீசியும் ஏமன் தலைநகர் சனா ஹூதி கிளர்ச்சியாளர்களின் கையை விட்டுப் போகவில்லை. கிடங்கை விமானம் அழிக்கலாம், ஆனால் வரி வசூலிப்பதையும் வழக்குத் தீர்ப்பதையும் அந்தக் குழுவிடமிருந்து பறிக்கத் தரையில் ஆள் வேண்டும் என்று அவர் சொன்ன இடத்தில்தான் பாடம் எனக்குப் பிடிபட்டது.

இரண்டாம் நாள் சறுக்கல். 2011இல் கடாபி வீழ்ந்த பின் ஆயுதக் குழுக்கள் கலைக்கப்படாததால் 2014இல் லிபியா இரண்டு அரசுகளாகப் பிளந்த கதை பத்தே நிமிடத்தில் முடிந்தது. தலைப்பில் பாதி அமைதியைப் பற்றியது அல்லவா?

அதைவிடப் பெரிய குறை, இன்றைய மிசோரம் தலைநகரான ஐஸாலைச் சேர்க்காமல் விட்டது. 1966 மார்ச்சில் மிசோ கிளர்ச்சியாளர்களை எதிர்த்து இந்திய வான்படை நம் நாட்டு நகரத்தின் மீதே குண்டு வீசியது. தரைப்படை நகரத்தை மீட்டது. கிளர்ச்சி ஓய்ந்தது 1986 உடன்படிக்கையில்தான்; கிளர்ச்சித் தலைவர் லால்டெங்கா முதலமைச்சரானார், மறு ஆண்டு மிசோரம் மாநிலமானது. இதைக் கேட்டபோது, “பாடத்திட்டத்தில் இல்லை” என்று ஆசிரியர் கடந்துபோனார். சுதந்திரத்துக்குப் பிந்தைய ஒருங்கிணைப்பு முதன்மைத் தேர்வின் பொதுப்பாட முதல் தாளிலேயே இருக்கிறது.

குறிப்புகள் அனைத்தும் ஆங்கிலத்தில் இருந்ததால் தமிழில் தேர்வு எழுதுவோருக்கு இரட்டை வேலை. முதல் நாளுக்கு மட்டும் தனிக் கட்டணம் உண்டா என்று கேட்டுப் பாருங்கள். எனக்கு இல்லை என்றுதான் சொன்னார்கள்.