கண் உச்சியிலா, கூரையிலா, மூக்கிலா?

சில ராணுவ ஹெலிகாப்டர்களில் சுழலும் இறக்கைகளுக்கு மேலே பந்து மாதிரி ஒன்று சும்மா உட்கார்ந்திருக்கும். கேமராவோ ரேடாரோ வைத்த அந்தக் கூடுதான் ஹெலிகாப்டரின் கண். கீழே அத்தனையும் சுற்றும்போது அது மட்டும் எப்படி நிற்கிறது?

சூட்சுமம் தண்டுக்குள் இருக்கிறது. கயோவா வாரியர் ஹெலிகாப்டரில் ரோட்டாரை, அதாவது மேலே சுற்றும் இறக்கைத் தொகுதியை, சுழற்றும் தண்டின் உட்புறம் காலி. அதற்குள் ஒரு குழாய் நிற்கிறது. அதன் அடிப்பகுதி கியர்பாக்ஸின் அசையாத கூட்டோடு பிணைந்திருப்பதால் தண்டு சுற்றினாலும் குழாய் சுற்றாது, நடுவில் பேரிங்குகள். பந்துக்குள் இருக்கும் டிவி கேமரா, வெப்பக் கேமரா, லேசர் எல்லாவற்றுக்கும் ஒயர் இந்தக் குழாய் வழியாகத்தான் ஏறுகிறது. அப்பாச்சி லாங்போ என்ற தாக்குதல் ஹெலிகாப்டர் இன்னும் விசித்திரம்: வெளியே அசையாத தூண், அதற்குள் சுற்றும் தண்டு, அதற்குள் மறுபடியும் அசையாத குழாய். அதன் உச்சியில் ரேடார் கூடு.

இவ்வளவு பாடு எதற்கு? மரத்துக்கோ மேட்டுக்கோ பின்னால் உடலை மறைத்துக்கொண்டு, பந்தை மட்டும் வெளியே நீட்டிப் பார்க்கலாம். மூக்கில் கண் வைத்த ஹெலிகாப்டர் எதையாவது பார்க்க வேண்டுமென்றால், ரோட்டார் உட்பட கிட்டத்தட்ட முழு உடலும் வெளியே வந்தாக வேண்டும்.

ஆனால் உச்சியில் அதிர்வு கடுமை. அப்பாச்சியின் ரோட்டார் நிமிடத்துக்குச் சுமார் 290 சுற்று, நான்கு இறக்கைகள். ஆக நொடிக்குப் பத்தொன்பது முறைக்கு மேல் உலுக்கல். ரேடாருக்கே இது தொல்லை, தூரத்தைப் பெரிதாக்கிக் காட்டும் கேமராவுக்குக் கேட்கவே வேண்டாம். கயோவாவில் அதிர்வை உறிஞ்சும் தாங்கிகளும் கைரோ நிலைப்படுத்தலும் (கேமரா திசை மாறாமல் பிடித்துவைக்கும் ஏற்பாடு) சேர்ந்துதான் படத்தை நிறுத்துகின்றன. அப்புறம், நேர் கீழே பார்க்கப் போனால் சொந்த இறக்கையும் உடலுமே குறுக்கே வரும். மூக்குக்கு இந்தத் தலைவலி இல்லை. பழுது பார்க்கவும் எளிது.

கூரை இரண்டுக்கும் நடுவில். பிரான்சும் ஜெர்மனியும் சேர்ந்து உருவாக்கிய டைகர் ஹெலிகாப்டரே நல்ல சாட்சி: பிரான்ஸ், விமானி அறையின் கூரையில் கண்ணை வைத்து மூக்கடியில் பீரங்கி பொருத்தியது, ஜெர்மனி அந்தப் பீரங்கியே வேண்டாமென்று கண்ணை உச்சியில் ஏற்றியது.

மறைந்திருந்து ஏவுகணை விடுவதுதான் வேலை என்றால் என் ஓட்டு உச்சிக்குத்தான். ஆப்கானிஸ்தானின் உயரத்திலும் வெயிலிலும் கதை வேறு. அங்கே காற்று மெலிந்து தூக்கும் சக்தி குறையும் என்பதால், எடையைக் குறைக்கப் பல அப்பாச்சிகள் ரேடார் கூட்டைக் கழற்றிவிட்டு மூக்கிலிருக்கும் இன்னொரு கண்ணை மட்டும் நம்பிப் பறந்தன.