கொடிமலை மூட்டத்துக்கு எந்தக் கேமரா: யாஷிகாவா, மாமியாவா, பென்டாக்ஸா?

பினாங்கின் கொடிமலையில் (பினாங்கு ஹில்) பனிமூட்டத்தைப் படம் பிடிக்கப் பழைய 120 பிலிம் (அகலமான ரோல் பிலிம்) கேமரா தேடுகிறவர்கள் பெரும்பாலும் யாஷிகா மேட் 124ஜி, மாமியா ஆர்பி67, பென்டாக்ஸ் 67 என்ற மூன்றுக்கு நடுவில்தான் தவிக்கிறார்கள். என் ஓட்டு யாஷிகாவுக்கு. லென்ஸுக்காக இல்லை, பிலிமுக்கு ஒளியைத் திறந்து மூடும் ஷட்டருக்காக.

விடியற்காலைக் கொடிமலையில் வெளிச்சம் குறைவு. ஒளிக்கு மெதுவாக வினைபுரியும் ஐஎஸ்ஓ 100 பிலிம் போட்டு, லென்ஸ் துளையைச் சிறிதாக எஃப்/11 வைத்தால் ஷட்டர் வேகம் 1/15, 1/8, அரை நொடி என்று இறங்கிக்கொண்டே போகும், பென்டாக்ஸ் 67 உலுக்குவதும் சரியாக அந்த வேகங்களில்தான். படமெடுக்கும்போது உள்ளே மேலே துள்ளும் அதன் கண்ணாடி பெரியது, துணித்திரை ஷட்டரும் பெரியது. கண்ணாடியைத் தூக்கிப் பூட்டும் வசதி பிந்தைய மாடல்களில் உண்டு, ஆனால் திரை ஓடும் அதிர்ச்சி அப்படியே இருக்கும், கனமான முக்காலி இல்லாமல் முடியாது. அப்புறம், அதன் ஷட்டர் பேட்டரியை நம்பியது. நீண்ட பல்ப் எக்ஸ்போஷர் (பொத்தானை அழுத்தியிருக்கும் வரை ஷட்டரைத் திறந்து வைப்பது) கொடுத்தால் அது திறந்திருக்கும் நேரமெல்லாம் பேட்டரி கரையும்.

யாஷிகாவில் கண்ணாடி அசைவதே இல்லை. லென்ஸுக்குள் இருக்கும், மெல்லிய தகடுகளாலான இலை ஷட்டர் மெல்லச் சொடுக்கிவிட்டுப் போகும். பேட்டரி ஒளியளக்கும் மீட்டருக்கு மட்டும்தான், அந்தப் பழைய பாதரச பேட்டரி இப்போது கிடைக்காததும் பெரிய இழப்பில்லை, ஏனென்றால் எந்தக் கேமராவின் மீட்டரும் வெள்ளை மூட்டத்தைச் சாம்பலாக்கத்தான் பார்க்கும், ஒன்று ஒன்றரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் இரு மடங்கு ஒளி) கூட்டித்தான் கொடுக்க வேண்டும். நான்கு வில்லைகள் கொண்ட 80 மி.மீ. லென்ஸின் துளையை முழுக்கத் திறந்தால் ஓரங்களில் மங்கும். ஓரமெல்லாம் வெண்மையாகக் கரைந்து கிடக்கும் படத்தில் அதை யார் பார்க்கப் போகிறார்கள்? எடை ஒரு கிலோ சொச்சம். தண்ணீர்மலைப் பூங்காப் பக்கமிருந்து ஜீப் சாலையில் ஐந்து கிலோமீட்டர் ஏறுகிறவருக்கு இது சின்ன விஷயமே இல்லை.

ரயிலில் ஏறுகிறவர் என்றால் சரி, மாமியாவைத் தூக்குங்கள். இரண்டரைக் கிலோவுக்கு மேல் கனக்கும். ஆனால் 6x7 செ.மீ. என்ற பெரிய நெகட்டிவ், பேட்டரி தேவையே இல்லாத இயக்கம், கண்ணாடியை முன்பே தூக்கிவிட்டு லென்ஸில் கேபிள் மாட்டி அதிர்வில்லாமல் எடுக்கும் வசதி, எல்லாம் உண்டு. பிலிம் பெட்டியைப் பாதி ரோலில் கழற்றலாம் என்பதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. மூட்டத்துக்குக் கறுப்பு வெள்ளை, அது விலகிக் கடலுக்கு அப்பால் செபராங் பிறை தெரிந்ததும் வண்ணம் என்று மாற்றிக்கொள்ளலாம், மற்ற இரண்டிலும் இது நடக்காது. குறை என்றால் லென்ஸை முன்பின் நகர்த்த உதவும் மடிப்புத் துருத்தி, அதில் ஊசித்துளை விழுந்தால் ஒளி கசியும்.

பென்டாக்ஸை நான் ஒதுக்கச் சொல்லவில்லை. வெயில் ஏறிய பாலிக் புலாவ் வயல்வெளியில், 1/250இல் கையில் பிடித்து எடுக்க, 105 மி.மீ. எஃப்/2.4 லென்ஸோடு அது அருமையான கேமரா.

எதை வாங்கினாலும் லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பூஞ்சை பாருங்கள், நம்மூர் ஈரக்காற்று எதையும் விடாது. ஒரு நொடி வேகத்தை ஓடவிட்டுக் காது கொடுத்துக் கேளுங்கள். மூட்டத்துக்கு வேண்டியது அந்த மெதுவான வேகங்கள்தான், பழைய ஷட்டரில் முதலில் இழுப்பதும் அவைதான்.