பள்ளிச் சிறுமியரின் பழைய தையல் மாதிரி: புரட்டிப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்

லினன் துணி, பட்டு நூல், எட்டுப் பத்து வயதுப் பிள்ளையின் குறுக்குத்தையல், அடியில் பெயரும் வயதும் ஆண்டும். 'சாம்பிளர்' என்பது இவ்வளவுதான். விலையோ மலைக்கும் மடுவுக்குமானது. நியூ ஜேர்சிச் சிறுமி மேரி அன்ட்ரிம் 1807இல் தைத்த ஒன்று 2012இல் நியூயோர்க் ஏலத்தில் 10 இலட்சம் டொலரைத் தாண்டியது. அந்தக் கதையைச் சொல்லி இங்கிலாந்தின் சாதாரண எழுத்துவரிசைத் துண்டுக்கு விலை ஏற்றுபவரிடம் வாங்க வேண்டாம். எந்தப் பள்ளி, எந்த ஆசிரியை என்று பிடிக்க முடிந்தால்தான் விலை ஏறும். சிறு சேகரிப்பாளருக்கு விக்டோரியா காலத்து எழுத்தும் எண்ணும் போதும். காசுக்கு வஞ்சகமில்லாத பொருள். பிரிஸ்டலில் ஜோர்ஜ் முல்லரின் அநாதை இல்லப் பிள்ளைகள் சிவப்பு நூலில் தைத்தவை மட்டும் விதிவிலக்கு. அவற்றுக்குப் போட்டி அதிகம்.

யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷனரிகள் 1824இல் தொடங்கிய உடுவில் மகளிர் பள்ளியில் தையலும் பாடம் என்பதால், 'யாழ்ப்பாண மிஷன் சாம்பிளர்' என்று யாரும் சொன்னால் ஆசை வரத்தான் செய்யும். பள்ளியின் பெயர் துணியிலேயே தைக்கப்பட்டிராவிட்டால் அதற்காக ஒரு சதமும் கூடக் கொடுக்காதீர்கள்.

பின்பக்கப் படம் அனுப்பாத விற்பனையாளரை விட்டுவிடுங்கள். வெளிச்சம் படாத பின்பக்க நூல் முன்பக்கத்தைவிடப் பளிச்சென்று இருக்க வேண்டும். பிறேம் மூடியிருந்த ஓரத்துத் துணி வெளிறியும் நடு பழுத்தும் இருப்பது நல்ல அடையாளம். துணியும் நூலும் ஒரே தேத்தண்ணி நிறமாக இருந்தால் சந்தேகப்படுங்கள். 1820 என்று தைத்த துண்டில் கண்ணைப் பறிக்கும் ஊதா இருந்தால் கேள்வி கேளுங்கள். செயற்கை ஊதாச் சாயம் பிறந்ததே 1856இல். ஆண்டின் கடைசி இரண்டு இலக்கம் இல்லாமல் ஊசித்துளை மட்டும் தெரிந்தால் அது பெரும்பாலும் மோசடியல்ல. வளர்ந்த பெண்கள் வயதை மறைக்கப் பிரித்தெடுத்த வழக்கம் உண்டு. விலையைக் குறைத்துக் கேட்க மட்டும் அது உதவும்.

கறுப்பு, கடும் பழுப்பு நூல் பொடிந்து உதிர்வது வேறு விஷயம். சாயத்தில் சேர்த்த இரும்பு பட்டு நூலை அரிக்கிறது. அதைத் தடுக்க வழியில்லை. புது நூலால் மேலே தைத்தால் மதிப்பும் போய்விடும். கம்பளித் துணியில் தைத்தவை நம் ஊருக்கு வேண்டாம், பூச்சி விடாது. எதையும் கழுவாதீர்கள்: சிவப்பும் பச்சையும் ஊறிப் பரவினால் மீட்க முடியாது.

உள்ளூர் பிறேம் வேலைக்கு மதிப்பெண் குறைவுதான். மட்டையில் பசை பூசி ஒட்டி, கண்ணாடியைத் துணிமேல் அழுத்தி, இரும்பு ஆணி அடிப்பதே வழக்கம். உப்புக்காற்றில் ஆணி கறள் பிடிக்கும், மாரியில் கண்ணாடிக்குள் ஈரம் தங்கிப் பூஞ்சணம் வரும், சாதா மட்டையின் அமிலம் துணியைப் பழுப்பாக்கும். அமிலமில்லாத மட்டையைக் கேளுங்கள். அதன்மேல் கஞ்சி போகக் கழுவிக் காயவைத்த பருத்தித் துணியைச் சுற்றி, மெல்லிய பருத்தி நூலால் சாம்பிளரின் ஓரத்தை அதில் 1 செ.மீ. இடைவெளியில் தைத்துப் பொருத்த வேண்டும். ஊசி இழைகளுக்கு நடுவே போக வேண்டும், இழையைக் குத்தக்கூடாது. கண்ணாடிக்கும் துணிக்கும் நடுவில் 5 மி.மீ. சட்டம் வையுங்கள். அக்ரிலிக் தகடு நிலைமின்னால் உதிர்நூலை இழுக்கும், ஆகவே பொடியும் துண்டுக்குக் கண்ணாடியே நல்லது. மழைச்சாரல் அடிக்கும் வெளிச்சுவரிலும் யன்னலுக்கு எதிரிலும் மாட்டாதீர்கள். அருங்காட்சியகங்களே 50 லக்ஸ் (வெளிச்சத்தின் அலகு) என்ற மங்கலான வெளிச்சத்தோடு நிறுத்திக்கொள்கின்றன.