பவர் பத்திரமா, கூட்டுக் கணக்கா: நினைவு தப்பிய மறுநாள் எது செல்லும்?

அத்தானுக்குப் பக்கவாதம் வந்த பதினோராவது நாள், அக்கா ஒரு நீல உறையோடு வங்கிக்குப் போனாள். துணைக்கு நானும் போனேன். உறைக்குள் பதிவு செய்த பவர் பத்திரம். நான்கு ஆண்டுகளுக்கு முன்பே அத்தான் முன்யோசனையோடு அக்கா பெயருக்கு எழுதிக் கொடுத்தது. வங்கிக் கணக்கை இயக்குவது, வைப்புத்தொகையை எடுப்பது, வரி கட்டுவது என்று அதில் விடுபட்டது எதுவும் இல்லை. அதிகாரி கடைசிப் பக்கம் வரை படித்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். “சார் இப்போது பேசுகிறாரா அம்மா? நாம் சொன்னால் புரிகிறதா?”

பொய் சொல்லத் தெரியாத அக்கா, “கண்ணைத் திறக்கிறார், யாரையும் அடையாளம் தெரியவில்லை” என்றாள். அவர் பத்திரத்தை மடித்து உறையில் போட்டு, இரண்டு கைகளாலும் திருப்பிக் கொடுத்தார்.

அன்று அவர் மேல் எனக்கு வந்த கோபம், சட்டத்தைப் புரட்டிப் பார்த்த பிறகு போய்விட்டது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 201ஆம் பிரிவு: அதிகாரம் கொடுத்தவர் இறந்தாலோ, சித்த சுவாதீனம் இழந்தாலோ, முகவரின் அதிகாரமும் முடிந்துபோகும். முகவர் என்பவர் நம் கையின் நீட்சி. நம்மாலேயே செய்ய முடியாத ஒன்றை நம் கை செய்ய முடியாது என்பது இதன் தர்க்கம். தர்க்கம் சரிதான். ஆனால் எந்த நாளுக்காக அந்தப் பத்திரத்தை எழுதினோமோ, அந்த நாளில்தான் அது காலாவதியாகிறது. இங்கிலாந்து 1985லேயே இதற்கென்று தனிச் சட்டம் போட்டு, நினைவு தப்பிய பிறகும் நீடிக்கும் அதிகாரப் பத்திரத்தை ஏற்றுக்கொண்டது. அமெரிக்காவிலும் அந்த ஏற்பாடு உண்டு. நம்மிடம் இல்லை. “நான் சுயநினைவு இழந்தாலும் இப்பத்திரம் செல்லும்” என்று சில பத்திர எழுத்தர்கள் ஒரு வரி சேர்ப்பார்கள். அந்த வரியை நம்பிக் குடும்பத்தை விட்டுவைக்கக் கூடாது. முகவருக்கே அந்தச் சொத்தில் பங்கோ உரிமையோ இருந்தால் 202ஆம் பிரிவு விலக்கு தருகிறது. வீட்டுக்குள் ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்ளும் சாதாரணப் பவர் அந்தக் கணக்கில் வராது.

பவர் பத்திரமே வீண் என்று சொல்லவில்லை. வெளிநாட்டில் இருப்பவருக்கும், முழங்கால் வலியால் படியேற முடியாதவருக்கும் அதுதான் கைகொடுக்கும். எழுதிக் கொடுத்தவர் தெளிவாக இருக்கும்வரை அதற்கு இணை இல்லை.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். நினைவு தெளிவாக இருந்து கை மட்டும் விழுந்துபோனால், அது வேறு சிக்கல், அதற்கு வழி எளிது. ரிசர்வ் வங்கியின் விதிப்படி பெருவிரல் ரேகை போதும். அதுவும் முடியாதவரிடம் கால்விரல் ரேகையையே வாங்கலாம். இரண்டு சாட்சிகள் வேண்டும், அதில் ஒருவர் வங்கி அதிகாரியாக இருக்க வேண்டும்.

எங்கள் வீட்டுக்கு நான் தேர்ந்தெடுத்தது கூட்டுக் கணக்கு. என் பெயரில் மட்டும் இருந்த எல்லாவற்றையும், “இருவரில் ஒருவர் அல்லது உயிருடன் இருப்பவர்” என்ற முறையில் மனைவியின் பெயரையும் சேர்த்து மாற்றினேன். காரணம் ஒன்றுதான். இதில் மனைவி என் முகவர் இல்லை, அவரும் கணக்குதாரர். நான் படுக்கையில் கிடந்தாலும் அவர் கையெழுத்து அவருடைய சொந்தக் கையெழுத்து. எனக்குப் புரிகிறதா என்று யாரும் அவரைக் கேட்கப்போவதில்லை. நாமினி போட்டிருக்கிறேனே என்பார்கள். நாமினிக்கு வேலை வருவது நாம் இறந்த பிறகு. மூச்சு ஓடிக்கொண்டிருக்கும்வரை அந்தப் பெயரால் பயன் இல்லை.

ஆனால் இதிலும் ஒரு பொறி இருக்கிறது. அக்காவின் அனுபவம் இல்லாவிட்டால் நானும் விழுந்திருப்பேன். அத்தானின் வைப்புத்தொகை ஒன்று கூட்டுப் பெயரில்தான் இருந்தது. முதிர்வு நாளில் இருவரில் யார் கேட்டாலும் பணம் கிடைக்கும். முதிர்வுக்கு முன்பு முறிக்க வேண்டும் என்றால் இருவரும் உயிரோடு இருக்கும்போது இருவர் கையெழுத்தையும் வங்கி கேட்கும். முதிர இன்னும் பதினான்கு மாதங்கள் இருந்தன. மருத்துவமனைக்கு அத்தனை காலம் காத்திருக்கத் தெரியாது. நானும் தம்பியும் ஆளுக்குக் கொஞ்சம் போட்டுச் சமாளித்தோம்.

அதனால் நான் செய்தது இது: பெரிய தொகையாக ஐந்து ஆண்டுகளுக்குப் போட்டிருந்ததை, முதிர முதிரச் சிறு வைப்புகளாகப் பிரித்தேன். நான்கு மாதத்துக்கு ஒன்று முதிர்கிறது. தானாகப் புதுப்பிக்கும் ஏற்பாட்டை நிறுத்தி, முதிர்ந்த பணம் கூட்டுச் சேமிப்புக் கணக்கில் விழும்படி எழுதிக் கொடுத்துவிட்டேன். வட்டியில் கொஞ்சம் நட்டம்தான். ஒவ்வொரு முறையும் மறுபடி போட வேண்டிய வேலையும் இருக்கிறது. அந்த நட்டத்தைக் காப்பீட்டுத் தவணை என்று நினைத்துக்கொள்கிறேன். மியூச்சுவல் ஃபண்டிலும் “எவரேனும் ஒருவர் அல்லது உயிருடன் இருப்பவர்” என்ற முறை உண்டு. வாங்கும்போதே அதைக் குறிக்காமல் விடுபவர்கள்தான் அதிகம்.

குறையும் சொல்லவேண்டும். கூட்டுக் கணக்குதாரர் நினைத்தால் நாளைக்கே கணக்கைத் துடைத்து எடுக்கலாம். பவர் பத்திரத்தை ரத்து செய்வதுபோல அவரைத் தனியாக நீக்கிவிட முடியாது. பிள்ளைகள் மூவரில் ஒருவரை மட்டும் சேர்த்தால், மற்ற இருவர் பின்னால் வழக்குக்குப் போகவும் கூடும். நல்ல நம்பிக்கை உள்ள கணவன் மனைவிக்குப் பொருந்துவது எல்லோருக்கும் பொருந்தாது.

வீடு, மனை விஷயத்தில் கூட்டுக் கணக்கால் ஒன்றும் ஆகாது. அத்தானின் பெயரில் உள்ள மனையை விற்க வேண்டும் என்றால் அக்கா நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். 1987ஆம் ஆண்டின் மனநலச் சட்டத்தில் சொத்தை நிர்வகிக்க மேலாளர் நியமிக்க வழி இருந்தது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் அதை நீக்கிவிட்டு, அந்த இடத்தைக் காலியாக விட்டுவிட்டது. கோமாவில் இருப்பவரின் குடும்பம் அரசியலமைப்பின் 226ஆவது பிரிவின்கீழ் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடுகிறது. கேரள உயர் நீதிமன்றம் 2019ல் இதற்கு நெறிமுறை வகுத்தது. சென்னை உயர் நீதிமன்றமும் 2024ல் கோமாவில் இருந்த ஒருவரின் மனைவியைக் காப்பாளராக நியமித்து, சொத்தை விற்க அனுமதித்தது. அதில் 50 லட்சம் ரூபாயைக் கணவர் பெயரில் வைப்பாகப் போடவேண்டும் என்பது நிபந்தனை. அந்த மனுவைத் தனி நீதிபதி முதலில் தள்ளுபடி செய்திருந்தார், மேல்முறையீட்டில்தான் கிடைத்தது. மருத்துவமனைக்கும் வக்கீல் அலுவலகத்துக்கும் இடையில் நடந்து தேய்ந்தவர்களுக்குத்தான் அந்தக் காத்திருப்பின் வலி புரியும்.

குடும்ப அறக்கட்டளை என்று நான்காவது வழி ஒன்று உண்டு. சொத்தை அறங்காவலர் பெயருக்கு மாற்றிவிட்டால், நம் நினைவு தப்பினாலும் அவர் பொறுப்பு தொடரும். காகிதத்தில் இதுவே எல்லாவற்றையும்விட உறுதியானது. முத்திரைத் தீர்வைக்குப் பயந்து நான் அந்தப் பக்கம் போகவில்லை. அனுபவமும் இல்லை. சொத்து அதிகம் உள்ளவர்கள் வக்கீலிடம் கேட்டுக்கொள்ளட்டும்.

பணத்துக்கு இவ்வளவு. உடம்புக்கு வேறு காகிதம் வேண்டும். கருவிகளோடு கிடக்கும்போது சிகிச்சையைத் தொடர்வதா நிறுத்துவதா என்பதற்குப் பவர் பத்திரத்தை நீட்டிப் பயனில்லை. உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9 அன்று ஏற்றுக்கொண்ட லிவிங் வில், அதாவது தெளிவாக இருக்கும்போதே சிகிச்சை பற்றிய நம் விருப்பத்தை எழுதிவைக்கும் பத்திரம்தான் அதற்கு உரியது. அப்போது மாஜிஸ்திரேட்டின் மேலொப்பம் வேண்டும் என்றிருந்தது, அதனால் எழுதத் துணிந்தவர்கள் குறைவு. 2023 ஜனவரியில் அதைத் தளர்த்தி, இரண்டு சாட்சிகளும் நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரியின் சான்றும் போதும் என்றார்கள். மீளவே வழியில்லை என்ற நிலைக்கு மட்டுமே இது பேசும். அப்போதும் மருத்துவமனையின் குழு ஒன்றும், மாவட்டச் சுகாதார அதிகாரி நியமிக்கும் மருத்துவர் இடம்பெறும் இரண்டாவது குழு ஒன்றும் ஒப்ப வேண்டும். மனநோய்ச் சிகிச்சைக்கு 2017ஆம் ஆண்டின் சட்டம் தரும் முன்கூட்டிய உத்தரவு வேறு, இதனோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

என்னுடைய லிவிங் வில்லில், எனக்காக முடிவெடுக்க இரண்டு பேர் பெயர் எழுதியிருக்கிறேன், மனைவியும் தம்பியும். மனைவியை மட்டும் எழுதினால், அந்த முடிவின் பாரத்தை அவர் ஒருவரே சுமக்க வேண்டியிருக்கும் என்று தோன்றியது. நகல் ஒன்றை உள்ளாட்சி அலுவலகத்தில் கொடுக்க வேண்டும் என்பது தீர்ப்பு. கொண்டுபோனேன். எழுத்தர் இரண்டு முறை படித்துவிட்டு, எந்தப் பதிவேட்டில் ஏற்றுவது என்று பக்கத்து மேசையைக் கேட்டார். அவருக்கும் தெரியவில்லை. கடைசியில், வரும் தபால்களைக் குறிக்கும் பதிவேட்டில் எண் போட்டு, என் நகலில் முத்திரை குத்திக் கொடுத்தார். அது இப்போது மருத்துவக் காப்பீட்டு அட்டையோடு பீரோவில் இருக்கிறது.