சத்துவாச்சாரி வீட்டு வாடகைக்கு ஒரு என்.ஆர்.ஓ. கணக்கு

அப்பாவுக்குப் பிறகு வேலூர் சத்துவாச்சாரி வீடு என் பெயருக்கு வந்தது. வாடகை மட்டும் அம்மா கணக்கில் விழுந்துகொண்டிருந்தது. இந்த முறை வேலூர் போனபோது என் பெயரிலேயே ஒரு கணக்கு திறந்துவிடலாம் என்று கிளம்பினேன். நான் சிங்கப்பூர்க் குடிமகள். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டை, பான் அட்டை இரண்டும் இருக்கின்றன.

வெளியூர்க்காரர்களைப் பார்த்துச் சலித்த ஊர்தான் வேலூர். சி.எம்.சி. மருத்துவமனைப் பக்கம் பெயர்ப்பலகைகள்கூட வங்காள மொழியில் பேசும். ஆனால் நான் நுழைந்த வங்கிக் கிளையில் என் பாஸ்போர்ட்டைப் பார்த்ததும் அதிகாரி கொஞ்சம் தயங்கினார். "ஆதார் இருந்தா குடுங்க மேடம், சாதாரண சேவிங்ஸே போட்டுடலாம். வேலை சுலபமா முடியும்."

சுலபம்தான், ஆனால் சட்டப்படி கூடாது. வெளிநாட்டில் வசிப்பவர் ஃபெமா என்ற அந்நியச் செலாவணிச் சட்ட விதிப்படி உள்ளூர்வாசிக்கான சேமிப்புக் கணக்கு திறக்க முடியாது. முன்பே அப்படி ஒன்று வைத்திருந்து வெளிநாட்டில் குடியேறியவர்களும் அதை என்.ஆர்.ஓ.வாக, அதாவது வெளிநாட்டில் வசிப்பவருக்கான கணக்காக, மாற்றியாக வேண்டும். நம் சொந்தக்காரர்களில் பாதிப் பேர் இதைக் காதில் போட்டுக்கொள்வதே இல்லை.

சரி, என்.ஆர்.ஓ. என்று முடிவானது. அடுத்து முகவரிச் சான்று. பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். சிங்கப்பூர் பாஸ்போர்ட்டில் வீட்டு முகவரியே இருக்காது. அடையாள அட்டையின் பின்பக்கத்தில்தான் இருக்கும். வீடு மாறியவர்களுக்கு அதன்மேல் புது முகவரியை ஸ்டிக்கராக ஒட்டியிருப்பார்கள். எனக்கும் அப்படித்தான். அவர் ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் லேசாகச் சுரண்டி, "இது நீங்க ஒட்டினதா?" என்றார். அரசாங்கம் கொடுத்தது என்று சொன்னால் முகம் நம்பவில்லை. கடைசியில் சிங்கப்பூர் வங்கி அறிக்கையை அலைபேசியில் எடுத்துக் காட்டி, தெருமுனைக் கடையில் பிரிண்ட் போட்டுக் கொடுத்த பிறகுதான் விண்ணப்பம் நகர்ந்தது. போகிறவர்கள் இதைச் சிங்கப்பூரிலேயே அச்சடித்து எடுத்துப் போங்கள்.

எந்தக் கணக்கு என்பதில் குழம்ப வேண்டாம். வாடகை போல ஊரில் வரும் பணத்துக்கு என்.ஆர்.ஓ.; வெளிநாட்டுச் சம்பாத்தியத்தை அனுப்பி வைக்க என்.ஆர்.இ. இரண்டாவதில் வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை, பணத்தைத் தடையின்றித் திரும்ப எடுத்துப் போகலாம். என்.ஆர்.ஓ.விலிருந்து ஒரு நிதியாண்டுக்கு 10 லட்சம் அமெரிக்க டாலர் வரைதான், அதுவும் வரிக் கணக்கெல்லாம் காட்டிய பிறகு. சத்துவாச்சாரி வாடகைக்கு அந்த வரம்பைப் பற்றி நான் கவலைப்படத் தேவையில்லை!

இந்திய வம்சாவளி இல்லாத சுற்றுலாப் பயணிக்கும் என்.ஆர்.ஓ. உண்டு, ஆனால் அதிகபட்சம் 6 மாதத்துக்குத்தான்.

அப்புறம் வரி. என்.ஆர்.ஓ. வட்டியில் 30 சதவீத வரியும் அதன்மேல் செஸ் என்ற கூடுதல் வரியும் பிடித்துவிடுவார்கள். சிங்கப்பூரில் வரி கட்டுகிறவர் என்ற சான்றிதழை அங்குள்ள வருமான வரித்துறையில் வாங்கி வங்கியில் கொடுத்தால், இரு நாட்டு வரி ஒப்பந்தப்படி அது 15 சதவீதமாகக் குறையும். கிளையில் யாரும் இதைச் சொல்லவில்லை. நானே கேட்ட பிறகுதான் படிவத்தைத் தேடி எடுத்தார்கள்.