பனி எச்சரிக்கைக்கு எந்த மோடம்: சீரியலா, டாங்கிளா?

நீலகிரியில் கேத்தி பாலாடா பள்ளத்தில் கேரட் போட்டவர்களுக்கு டிசம்பர், ஜனவரியில் சரியான தூக்கம் கிடையாது. வானம் தெளிந்து காற்றும் நின்றுவிட்டால் குளிர் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். உறைபனி பிடிப்பதற்குள் எழுந்து ஸ்பிரிங்க்ளரைத் திறந்துவிட வேண்டும். அதற்காக வயலில் ஒரு சென்சார், பம்ப் ஷெட்டில் டெபியன் லினக்ஸ் ஓடும் பழைய டெஸ்க்டாப். 3 டிகிரிக்குக் கீழே இறங்கினால் அப்பா செல்லுக்கும் என் செல்லுக்கும் எஸ்எம்எஸ் வரும். அந்த எஸ்எம்எஸ்ஸை எந்த மோடம் அனுப்புவது என்பதில்தான் யோசனை.

ஒன்று, கம்ப்யூட்டரின் 9 பின் சீரியல் போர்ட்டில் மாட்டும், சிம் போட்ட 2ஜி ஜிஎஸ்எம் மோடம்: சின்ன இரும்புப் பெட்டி, தனி அடாப்டர், வெளியே ஆன்டெனா. மற்றது, பென் டிரைவ் மாதிரி செருகும் யூஎஸ்பி டாங்கிள்; அதிலும் சிம்தான். நான் சீரியல் கட்சி. டாங்கிளையும் இதே மெஷினில் முந்தின பனிக்காலத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

டாங்கிள் சின்னது, சுலபமாகக் கிடைக்கும், 4ஜி மாடல் என்றால் நெட்டும் வரும். 2ஜி சீரியல் மோடத்தில் நெட் என்பது பெயருக்குத்தான். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஊட்டிக்கும் குன்னூருக்கும் அலைகிறவர்கள் யோசிக்காமல் டாங்கிள் வாங்கலாம்.

ஆள் இல்லாத ஷெட் என்றால் கணக்கே வேறு. கரண்ட் போய்த் திரும்பி வந்தபின், யாரும் தொடாமல் அது தானாக எழுந்து வேலை செய்யுமா? எனக்கு அது ஒன்றுதான் முக்கியம். கற்பூர மரக்கிளை ஒன்று கம்பியில் சாய்ந்தால் போதும், எங்கள் பக்கம் ஒரே ராத்திரியில் கரண்ட் பலமுறை போய்ப் போய் வரும்.

அந்த மாதிரி ராத்திரியில் டாங்கிள் என்ன செய்யும் என்று பாருங்கள். பல டாங்கிள்கள் செருகியதும் தன்னை சிடி டிரைவ் என்றே சொல்லிக்கொள்ளும். யூஎஸ்பி மோட்ஸ்விட்ச் என்ற புரோகிராம் வந்து மோடமாக மாற்ற வேண்டும். பிறகு டிடிஒய்யூஎஸ்பி 0, 1, 2 என்று வரிசையாகப் போர்ட் முளைக்கும். எதில் ஏடி கட்டளை (மோடத்தை வேலை வாங்கும் கட்டளை) எடுக்கும் என்பது மாடலைப் பொறுத்தது. நடுவில் லினக்ஸின் மோடம் மேனேஜர் புரோகிராம் புகுந்து போர்ட்டைப் பிடித்துக்கொள்ளும். சிக்னல் மெலிந்த இடத்தில் டாங்கிள் கூடுதல் கரண்ட் இழுக்கும், யூஎஸ்பி 2.0 போர்ட் தருவதோ 500 மில்லி ஆம்பியர். பற்றாமல் ஒரு கணம் அணைந்து எழுந்தால், பழைய போர்ட்டை ஸ்கிரிப்ட் இன்னும் திறந்து வைத்திருப்பதால் புதியது 3, 4, 5 என்று வந்து உட்காரும். ஸ்கிரிப்ட் பாட்டுக்கு 0-வைத் தட்டிக்கொண்டே இருக்கும். யூடெவ் (லினக்ஸில் கருவிகளுக்குப் பெயர் வைப்பது) விதி எழுதிப் பெயரை நிலையாக்கலாம், மோடம் மேனேஜரையும் நீக்கலாம், இரண்டையும் செய்தேன். அப்படியும் டாங்கிள் அடியோடு தொங்கிவிட்டால் கழற்றித்தான் மாட்ட வேண்டும். விடிகாலை 4 மணிக்கு அந்தக் குளிரில் ஷெட்டுக்கு யார் போவது?

சீரியலில் இந்தக் கூத்து இல்லை. போர்ட்டின் பெயர் டிடிஒய்எஸ்0 என்றால் எத்தனை தடவை பூட் செய்தாலும் டிடிஒய்எஸ்0 தான். மோடம் டவரோடு பேசும்போது கணநேரத்துக்கு 2 ஆம்பியர் வரை இழுக்கும்; அது அதன் சொந்த அடாப்டரிலிருந்து போகிறது, கம்ப்யூட்டருக்குத் தெரியவே தெரியாது.

முதல் தடவை கொஞ்சம் உட்கார வேண்டும், அவ்வளவுதான். சீரியல் போர்ட்டைத் தொட அனுமதி கிடைக்க, யூசரை டயல்அவுட் குரூப்பில் சேருங்கள். கேபிள் நேர் கேபிளாக இருக்கட்டும். நல் மோடம் கேபிள் இரண்டு கம்ப்யூட்டரை இணைக்கத்தான். மினிகாம் (சீரியல் போர்ட்டோடு பேசும் புரோகிராம்) திறந்து ஏடி என்று அடித்தால் ஓகே வர வேண்டும். வரவில்லை என்றால் மோடத்தைச் சந்தேகப்படும் முன் மினிகாமில் ஹார்ட்வேர் ஃப்ளோ கன்ட்ரோலை அணைத்துப் பாருங்கள். மலிவு மோடம்களில் அனுப்ப, வாங்க, கிரவுண்ட் என மூன்றே கம்பிதான் இருக்கும். அனுப்பலாமா என்று கேட்டுச் சொல்லும் ஆர்டிஎஸ், சிடிஎஸ் கம்பிகளே இல்லாதபோது அனுமதிக்காகக் காத்திருந்து பயனில்லை. ஓகே வந்ததும் ஏடி+ஐபிஆர்=9600 என்று வேகத்தைப் பூட்டி, ஏடிஇ0 என்று எக்கோவை (சொன்னதையே மோடம் திருப்பிச் சொல்வதை) நிறுத்தி, ஏடி&டபிள்யூ என்று சேமித்துவிடுங்கள். எஸ்எம்எஸ்ஸுக்கு 9600 தாராளம். சிம்மின் PIN நம்பர் பூட்டையும் எடுத்துவிடுங்கள்.

எக்கோவை ஏன் நிறுத்தச் சொல்கிறேன் என்றால், பூட் ஆகும்போது போகும் கெர்னல் வரியில் சீரியல் கன்சோல் போட்டிருந்தால் அந்தப் போர்ட்டில் கெட்டி (getty) என்ற லாகின் புரோகிராம் உட்கார்ந்திருக்கும். அது லாகின் கேட்கும். மோடம் அதையே திருப்பிச் சொல்லும். கெட்டி அதை யூசர் பெயர் என்று நம்பி பாஸ்வேர்டு கேட்கும். அதையும் மோடம் திருப்பிச் சொல்லும். விடிய விடிய நடக்கும் இந்தப் பேச்சு. எக்கோவை நிறுத்துவதோடு அந்தப் போர்ட்டிலிருந்து கெட்டியையும் நீக்கிவிடுங்கள்.

பெட்டியின் மேல் சின்ன விளக்கு ஒன்று உண்டு. டவர் கிடைக்காதவரை படபடவென்று சிமிட்டும். கிடைத்ததும் 3 நொடிக்கு ஒருமுறை நிதானமாகச் சிமிட்டும். அப்பா கம்ப்யூட்டரைத் தொடமாட்டார், இந்த விளக்கை மட்டும் எட்டிப் பார்த்து எல்லாம் சரியா என்று சொல்லிவிடுவார். ஸ்கிரிப்ட்டுக்கு, டவரில் பதிவாகிவிட்டதா என்று கேட்கும் ஏடி+சிரெக் கேள்வி: பதிலில் 0,1 வந்த பிறகே அனுப்பச் சொல்லுங்கள்.

இன்னொரு வசதி, நீளம். யூஎஸ்பி கேபிள் 5 மீட்டர். சீரியல் கேபிள் 15 மீட்டர் வரை தாராளமாகப் போகும். ஷெட்டுக்குள் ஒரு கோடுகூட இல்லாத சிக்னல் கூரையின் டவர் பக்க மூலையில் கிடைக்கிறது, மோடம் அங்கேதான் இருக்கிறது.

தமிழில் செய்தி அனுப்புகிறவர்களுக்கு: ஆங்கிலத்தில் 160 எழுத்து கொள்ளும் எஸ்எம்எஸ் தமிழில் 70-தான், அதிலும் கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனித்தனிக் கணக்கு. 'பனி. தண்ணி திற.' என்று சுருக்கிக்கொண்டோம்.

சீரியலின் பலவீனம் 2ஜி. ஜியோவில் 2ஜி கிடையாது, அந்த சிம் இதில் வேலைக்கு ஆகாது. 9 பின்னோடு 4ஜி மோடமும் விற்கிறார்கள், விலை கூடுதல். நான் ஓட்டிப் பார்க்கவில்லை, அதனால் நல்லது கெட்டது சொல்ல மாட்டேன். கம்ப்யூட்டரில் 9 பின் போர்ட்டே இல்லாதவர்கள் யூஎஸ்பி கன்வெர்ட்டர் போட்டால் பெயர் மாறும் தொல்லை பாதி திரும்பி வரும். சீரியல் எண் உள்ள எஃப்டிடிஐ சிப் கன்வெர்ட்டராகப் பார்த்து வாங்கி, அந்த எண்ணை வைத்தே பெயரைக் கட்டிவிடுங்கள்.

எந்த மோடமானாலும் கடையிலேயே அடாப்டரைப் பிடுங்கி மறுபடி செருகச் சொல்லுங்கள். சிலவற்றில் பட்டனை அழுத்தினால்தான் உயிர் வரும். அப்படிப்பட்டதை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.