தொற்றுக்காலம் விட்டுச்சென்ற கியூஆர் மெனு: இன்னும் மேசையில் இருக்கலாமா?

உணவக மேசையில் ஒட்டப்படும் அந்தக் கறுப்பு வெள்ளைக் கட்டம் 2020க்கு முன்பும் இருந்ததுதான், சீண்டுவார் குறைவு. கார் உதிரிபாகங்களைக் கணக்கு வைக்க ஜப்பானின் டென்சோ நிறுவனம் 1994ல் உருவாக்கிய கியூஆர் கோடு அது. தனி ஆப் இல்லாமல் ஐபோன் கேமராவே அதைப் படிக்கத் தொடங்கியது 2017ல். கருவி எல்லோர் கையிலும் இருந்தது, எடுத்து நீட்டக் காரணம்தான் இல்லை. அடுத்தவர் தொட்ட மெனு கார்டைத் தொடக் கூசிய கொரோனாக் காலம் அந்தக் காரணத்தைக் கொடுத்தது.

கிருமி ஒட்டிய பரப்பை ஒருமுறை தொடுவதால் நோய் வரும் வாய்ப்பு 10,000ல் ஒன்றுக்கும் குறைவு என்று அமெரிக்காவின் நோய்த் தடுப்பு மையமான சிடிசி 2021 ஏப்ரலில் சொல்லிவிட்டது. கூச்சமும் போய்விட்டது. ஆகவே இந்தச் சேவையை இனி சுகாதாரத்துக்காக அல்ல, வசதிக்காக மட்டுமே எடைபோட வேண்டும்.

கடைக்காரருக்கு லாபம் தெளிவு. சரக்கு வராத நாளில் ஒரு பதார்த்தத்தை நொடியில் எடுத்துவிடலாம், விலை மாற்ற மறுபடி அச்சடிக்க வேண்டாம். ஆனால் பெரும்பாலான இடங்களில் அமைப்பு அரைகுறை. முதல் குற்றவாளி பிடிஎஃப். ஏ4 தாளுக்கு வடிவமைத்த மெனுவை அப்படியே ஏற்றிவிடுகிறார்கள். வாடிக்கையாளர் இரண்டு விரலால் இழுத்து இழுத்துப் படிக்கிறார். போன் திரைக்கென்று எழுத்து பெரிதாக உள்ள ஒற்றை வலைப்பக்கம் போதும். மெனுவைக் காட்டும் முன்பே போன் நம்பர் கேட்கும் பக்கங்களுக்கு மன்னிப்பே கிடையாது.

இரண்டாவது சிக்கல் சந்தா. ‘டைனமிக்’ கோடு என்று விற்கப்படுவது முதலில் சேவை நிறுவனத்தின் முகவரிக்குப் போய், அங்கிருந்துதான் உங்கள் மெனுவுக்குத் திரும்பும். சந்தா கட்டத் தவறினால் அத்தனை மேசை ஸ்டிக்கரும் ஒரே நாளில் செத்துவிடும். சொந்த டொமைனில், அதாவது உங்கள் கடைக்கென்று பதிவு செய்த இணையப் பெயரில், ஒரு முகவரி வைத்து அதற்கே கோடு அச்சடித்தால், பின்னால் எந்த மென்பொருளுக்கு மாறினாலும் ஸ்டிக்கரைத் தொட வேண்டியதில்லை.

அச்சில் நடக்கும் தவறுகள் தனி ரகம். ஸ்கேன் செய்யும் தூரத்தில் பத்தில் ஒரு பங்காவது அகலம் வேண்டும்: 30 செ.மீ. தூரத்துக்கு 3 செ.மீ. சுற்றிலும் கோட்டுக்குள் இருக்கும் சின்னக் கட்டங்களில் நான்கின் அளவு வெற்றிடம் விடாமல் டிசைனர் அலங்காரம் போட்டால் கேமரா திணறும். கோட்டில் கொஞ்சம் சேதமானாலும் படிக்க வைக்கும் பிழைதிருத்தத்தில் நான்கு நிலைகள்: ‘எல்’ சுமார் 7 சதவீதச் சேதத்தைத் தாங்கும், ‘ஹெச்’ 30 சதவீதம். நடுவில் லோகோ வைப்பதானால் ‘ஹெச்’தான். அதில் கட்டங்கள் நெருக்கமாகிவிடும் என்பதால் முகவரியைச் சுருக்கமாக வையுங்கள். பளபளப்பான லேமினேஷன் மேலே எரியும் விளக்கைப் பிரதிபலிக்கும். மேட் பூச்சு நல்லது. உங்கள் ஸ்டிக்கர் மேல் வேறொருவர் தன் ஸ்டிக்கரை ஒட்டிப் பணம் பறிக்கும் மோசடியும் உண்டு. கடை திறக்கும்போது ஒரு தடவை நகத்தால் சுரண்டிப் பார்ப்பதில் வெட்கமில்லை. கோட்டுக்குக் கீழே டொமைன் பெயரையும் அச்சிடுங்கள்.

மெனு பார்க்க மட்டும் என்றால், இது அச்சுக் கார்டை விட மட்டமான பொருள். நீளப் பட்டியலில் அடியில் இருப்பது கண்ணில் படாமலே போகும், சார்ஜ் இல்லாத போன்காரர் தவிப்பார், வயதானவர் பக்கத்து நாற்காலியை நம்ப வேண்டிவரும். பணம் கட்ட என்றால் நேர் எதிர்: பில்லுக்குக் கையசைத்துக் காத்திருக்கும் நேரம் மிச்சம், மேசையும் சீக்கிரம் காலியாகும். மேசை எண் அந்த இணைப்பிலேயே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஏழாம் மேசையின் பில் ஒன்பதுக்குப் போகும். மேசைக்கு ஓர் அச்சு மெனு, பில்லோடு ஒரு கோடு என்பதே எங்கள் பரிந்துரை.

மொத்தமாக அச்சுக்குக் கொடுக்கும் முன் ஒன்றே ஒன்று அடித்து, கடையின் மங்கலான மூலையில், இரவு வெளிச்சத்தில், கீறல் விழுந்த பழைய போனால் வைஃபை இல்லாமல் ஸ்கேன் செய்து பாருங்கள். ஐந்து நொடிக்குள் பக்கம் திறக்கவில்லையா, அச்சகத்துக்கு இன்னும் போன் போடாதீர்கள்.